கோட்டையைச் சுற்றி ஒரு வாசிப்பு நடை: வேலூர்ச் சேவை ஒன்றின் மதிப்புரை

சுற்றுலா என்பது ஒரு தொழிலாகத் தலையெடுத்த காலத்தில் பெண்கள் எழுதிய பயண நூல்களை, வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடந்தபடியே வாசித்துக் காட்டும் ஒரு சேவை நம் ஊரில் சில காலமாக நடந்து வருகிறது. ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரும் அவரிடம் படித்த இளம்பெண் ஒருவரும் இதை நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டை வாசலில் கூடி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்து, பிறகு வாடகைக்கு எடுத்த சிறு கூடம் ஒன்றில் அமர்ந்து வாசித்துப் பேசிக் கலைகிறார்கள். தலைக்கு 350 ரூபாய். காலைச் சிற்றுண்டியும், நகலெடுத்து நூலால் தைத்த 40 பக்கக் கையேடும் அதில் அடக்கம். ஆண்களுக்குத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் மனைவியையோ மகளையோ வாசலில் இறக்கிவிட்டு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்த சிலரை ஆசிரியை உள்ளே அழைத்தபோது, ஒருவர்கூட வரவில்லை. பெண்கள் எழுதியதைப் பெண்கள்தான் படிக்க வேண்டும் என்ற நினைப்பு இன்னும் இருப்பதற்கு அந்த வாசலே போதுமான சாட்சி.

கொடுத்த பணத்துக்கு இது தாராளமாகத் தகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் இந்த நடை ஒரு நல்ல கேள்வியோடு புறப்பட்டு, பிற்பாதியில் அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. பயணம் போன பெண்ணுக்குப் பணம் கொடுத்தவர் யார், அனுமதி தந்தவர் யார், துணைக்குப் போனவர் யார், மூட்டை சுமந்தவர் யார் என்பதே அந்தக் கேள்வி. கையேட்டின் முதல் பக்கத்தில் அதை அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அதை வைத்தே அவர்களை அளப்பது முறையாகும்.

முதல் வாசிப்பு மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றியது. அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்தவர் என்பதும், இந்தியாவைக் களமாகக் கொண்ட ஒரு நாடகத்தை ஸ்டார்க் 1788-இல் எழுதினார் என்பதும் மட்டுமே நம் பக்கத்துத் தொடர்பு. நோயுற்ற குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்வதற்காக 1790களில் இத்தாலியில் பல ஆண்டுகள் தங்கிய அவர், அந்த அனுபவத்தைக் கடித வடிவில் 1800-இல் நூலாக்கினார். 1820-இல் ஐரோப்பியப் பயணத்துக்கான முழுக் கையேடாகவே ஒன்றை எழுத, அதை ஜான் மரே பதிப்பகம் வெளியிட்டது. எந்த ஊரில் எதற்கு என்ன விலை, எந்த விடுதி நல்லது, கையோடு எதைக் கொண்டுபோக வேண்டும் என்பனவற்றை அவர் எழுதிவைத்தார். எந்தக் கதவிலும் ஐந்து நிமிடத்துக்குள் பொருத்திக்கொள்ளக்கூடிய ஒரு பயணப் பூட்டும், மூட்டைப்பூச்சியை விரட்டப் படுக்கையில் தெளிக்கும் லாவெண்டர் எண்ணெயும் அவருடைய பட்டியலில் உண்டு. ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆச்சரியக்குறிகளின் எண்ணிக்கையால் தரம் பிரித்தவரும் அவரே. பிற்காலத்தில் மரே, பெடெக்கர் கையேடுகளில் வந்த நட்சத்திரக் குறிகளுக்கு இதுவே முன்னோடி. இன்று லாட்ஜுக்கும் பிரியாணிக் கடைக்கும் நாம் கைபேசியில் தட்டிவிடும் நட்சத்திரத்தின் பூர்வீகமும் இதுதான்.

இப்படி விலைவாசி எழுதியதற்காகவே அவர் கேலிக்கும் ஆளானார். பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் 1839-இல் வெளியிட்ட தம் புதினத்தில், ஸ்டார்க் அம்மையாரின் நூலில் விலையைப் பார்க்காமல் அற்பப் பொருளுக்கும் காசு கொடுக்காத ஓர் ஆங்கிலேயரைக் காட்டி, வான்கோழி, ஆப்பிள், ஒரு குவளைப் பால் ஆகியவற்றின் விலை அதில் இருப்பதால்தான் அந்த நூல் அத்தனை பதிப்புக் கண்டது என்று நகையாடுகிறார். பாலின் விலை எழுதுவது இலக்கியத்தில் சேராது என்பது அக்காலத்து ஆண்களின் மதிப்பீடு. சீமான் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியரையும் வேலையாளையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிய காலத்தில் பால் என்ன விலை என்று அவர்கள் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. குடும்பத்தோடும் நோயாளியோடும் அளந்த பணத்தோடும் புறப்பட்டவர்களுக்கு அந்தத் தேவை இருந்தது. அவர்களுக்காக எழுதப்பட்ட வரிகளின் மேல்தான் பின்னாளில் சுற்றுலாத் தொழில் எழுந்தது என்று ஆசிரியை வாதிடுகிறார். இந்த வாதத்தை அகழியோரத்துப் புல்வெளியில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், ஒரு நல்ல வகுப்பைப் போல அவர் நடத்திச் செல்கிறார். முழு நிகழ்ச்சியிலும் இதுவே சிறந்த பகுதி.

வேலூரில் இதைக் கேட்பதற்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளுடன் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து, வங்க எழுத்துப் பலகை மாட்டிய லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் பெண்களை இந்த ஊர் தினமும் பார்க்கிறது. அறை வாடகை, அடுப்பு வைத்துச் சமைக்க விடுவார்களா, மீன் எங்கே கிடைக்கும், எந்த ஆட்டோ நியாயமான காசு கேட்கும் என்பதை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ளும் பேச்சு தோட்டப்பாளையத்துத் தெருக்களில் ஓயாமல் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளர் பிரிவு இல்லை என்பதால், அப்படிப்பட்ட சிலரும் இந்த நடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அந்த இளம்பெண் இந்தியில் சுருக்கமாக எடுத்துச் சொல்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து தங்கையின் சிகிச்சைக்காக வந்திருந்த ஓர் அம்மாள், ஸ்டார்க்கின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, அந்தம்மா அங்க ரூமுக்கு என்ன வாடகை குடுத்தாங்களாம்?" என்றார். ஆசிரியை சிரித்துவிட்டுக் கையேட்டைப் புரட்டினார். அதில் விலை எதுவும் இல்லை. விலை எழுதியதற்காக ஒரு பெண்மணியைப் போற்றும் பத்துப் பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு விலைகூட எடுத்துக் காட்டப்படவில்லை என்பது சிறிய குறையன்று. அந்த அம்மாள் கேட்டது, மூல நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வாசகியின் கேள்வி. அடுத்த பதிப்பில் ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்க வேண்டும்.

குழுச் சுற்றுலாக்களை நடத்திய ஆங்கிலேயர் தாமஸ் குக்கைப் பற்றிய பகுதி இதற்கு அடுத்தது. அளவோடும் தெளிவோடும் அமைந்திருக்கிறது. 1841 ஜூலை 5-இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றதிலிருந்து தொடங்கி, 1863-இல் அவர் நடத்திய முதல் சுவிட்சர்லாந்துச் சுற்றுலா வரை சொல்கிறார்கள். அந்தச் சுற்றுலாவில் சென்ற ஜெமைமா மொரெல் என்ற பெண்மணி எழுதிய நாட்குறிப்பு, நூறு ஆண்டுகள் கழித்து 1963-இல்தான் அச்சேறியது. கணவனோ தந்தையோ உடன் வராமலும் ஒரு பெண் கௌரவம் கெடாமல் வெளிநாடு போய்வர முடியும் என்ற நிலையைக் குழுச் சுற்றுலா உண்டாக்கியது என்று இளம்பெண் விளக்கியபோது, கூட்டத்தில் ஒருவர் நம் ஊர் ஆறுபடை வீட்டுச் சுற்றுலாப் பேருந்துகளை நினைவூட்டினார். பொருத்தமான நினைவூட்டல்தான். அந்தப் பேருந்துகளில் முன் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு போகும் பாட்டிமார்களில் பலருக்கு வாழ்நாளில் வேறு எந்தப் பயணத்துக்கும் அனுமதி கிடைத்திருக்காது.

கோட்டைக்குள் நுழைந்ததும் கதை நம் மண்ணுக்கு வருகிறது. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்றியேட்டா கிளைவ் தம் இரு மகள்களுடனும் அன்னா டோனெல்லி என்ற இத்தாலிய ஓவியப் பெண்மணியுடனும் சென்னையிலிருந்து புறப்பட்டு, நம் வடாற்காட்டு வழியாக மைசூர் நாட்டுக்குச் சென்றார். 1,000 மைலுக்கு மேற்பட்ட பயணம் அது. ஆளுநர் கூடச் செல்லவில்லை. இளைய மகள் சார்லட்டுக்கு அப்போது வயது 12. அந்தச் சிறுமியும் பயணக் குறிப்பு எழுதினாள். பின்னாளில் அவளே நார்தம்பர்லண்டு கோமகளாகி, இளவரசி விக்டோரியாவுக்கு ஆசிரியப் பொறுப்பு வகித்தாள். ஹென்றியேட்டாவின் மாமனார் 1751-இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய அதே ராபர்ட் கிளைவ் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாமனார் போருக்கு வந்த நாட்டை மருமகள் வேடிக்கை பார்க்க வந்தார் என்றாகிறது. போர் முடிந்த களம் மறு ஆண்டே காட்சிப் பொருளாகும் இந்த வேகத்தை ஆசிரியை நன்றாகச் சுட்டிக்காட்டுகிறார்.

கேள்வி நழுவத் தொடங்குவதும் இங்கேதான். யானைகளையும் மாடுகளையும் கூடாரங்களையும் ஒரு பெருங்கூட்டமே இழுத்துக்கொண்டு சென்ற பயணம் அது. கூடாரம் அடித்தவர்கள், பல்லக்குச் சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தண்ணீர் எடுத்தவர்கள் யார், எந்தெந்தச் சாதியார், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கக் கையேட்டில் ஒரு வரி இல்லை. அவர்கள் எழுதிவைக்கவில்லை என்பது உண்மை. எழுதாதவர்களைப் பற்றிப் பேசவே முடியாது என்றால், பெண்களின் பயண வரலாறு எழுதப் படித்தவர்களின் வரலாறாகவே முடிந்துபோகும். ஆளுநரின் மனைவிக்குக் கிடைத்த சுதந்திரம் பல தோள்களின் மேல் ஏறிச் சென்ற சுதந்திரம் என்பதைச் சொல்வதால் அவருடைய துணிச்சல் குறைந்துவிடாது.

1806 ஜூலை 10-இல் நடந்த வேலூர்ப் புரட்சியைச் சொல்லும்போது இந்தக் கவனம் ஓரளவு மீள்கிறது. கோட்டைத் தளபதியாக இருந்து அன்று மாண்ட ஃபான்கோர்ட்டின் மனைவி அமீலியா, பிள்ளைகளுடன் ஒளிந்து உயிர் தப்பி, சில வாரங்களுக்குள் தாம் கண்டதை எழுதிவைத்தார். அதை வாசித்துவிட்டு அப்படியே விட்டிருந்தால் ஒருபக்கச் சோகமாக முடிந்திருக்கும். காதணியும் நெற்றிக்குறியும் கூடாது, புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சிப்பாய்களுக்கு இடப்பட்ட ஆணைகளையும், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து கோட்டையை மீட்ட பின் ஏறத்தாழ 100 சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டதையும் அடுத்து வாசித்தார்கள். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணைத் தினமும் பேருந்தில் கடந்து போகிறவர்களுக்கும் அந்த வாசிப்பு புதிதாகவே இருந்தது. பயண எழுத்து என்ற வரம்புக்குள் அமீலியாவின் குறிப்பு சேருமா என்பது வாதத்துக்கு உரியது. இங்கே வைத்ததில் எனக்கு மறுப்பில்லை.

இரண்டு மணி நேர நடையில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற தகவல் முன்பதிவின்போதும் சொல்லப்படவில்லை, கையேட்டிலும் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஐம்பதைக் கடந்தவர்கள். கேட்ட பிறகு கூடத்துக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். அது கோட்டையிலிருந்து கால் மணி நேர நடை. இதைச் சில்லறை விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது. ஏனென்றால் 1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வேச் சட்டமே இதை யோசித்திருக்கிறது. அதன் 64-ஆவது பிரிவு, பயணிகள் ரயில் ஒவ்வொன்றிலும் மிகக் கீழ்வகுப்பில் குறைந்தது ஒரு பெட்டி அறையைப் பெண்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றும், ரயில் 50 மைலுக்கு மேல் போவதானால் அந்த அறையில் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடம் நம் வாலாஜா ரோடு. சென்னையிலிருந்து அறுபது மைலுக்கு மேல் இருக்கும் அந்த நிலையத்தையும் இந்தச் சட்டப் பிரிவையும் சேர்த்து ஒரு வாசிப்பு வைத்திருந்தால், வடாற்காட்டுப் பெண்ணின் பயணம் எப்படி மாறியது என்பதை நேரடியாகவே பேசியிருக்கலாம். திருப்பதிக்கும் காஞ்சிபுரத்துக்கும் மூன்றாம் வகுப்பில் போன பெண்கள் நூல் எழுதவில்லை. ஆனால் அவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம் நம் கையில் இருக்கிறது.

கூடத்தில் நடக்கும் இரண்டாம் அமர்வு புகழ்பெற்ற பெயர்களின் வரிசையாகிவிடுகிறது. ராக்கி மலைகளில் குதிரையேறிய இசபெல்லா பேர்டு, 1897-இல் மேற்கு ஆப்பிரிக்கப் பயண நூல் வெளியிட்ட மேரி கிங்ஸ்லி ஆகியோரைப் பற்றிச் சொல்லும்போது பாதி நேரம் பாவாடையிலேயே போய்விடுகிறது. முள்கழிகள் நட்ட வேட்டைக் குழியில் விழுந்த கிங்ஸ்லியைக் கனத்த பாவாடை காப்பாற்றிய கதை சுவையானதுதான்; சேலை கட்டி மலையேறியவர்கள் நிறைந்த கூட்டத்தில் சிரிப்பும் எழுந்தது. அதைவிட முக்கியமானது, லண்டன் ராயல் புவியியல் சங்கம் 1892-இல் பெண்களை உறுப்பினராக ஏற்கத் தொடங்கி, 22 பேரோடு மறு ஆண்டே கதவைச் சாத்திவிட்டு, 1913-இல்தான் மறுபடி திறந்தது என்பது. பெண்கள் நாடாய்வுக்குத் தகுதியற்றவர்கள் என்று 1893-இல் பத்திரிகைக்கு எழுதிய கர்சன், பிறகு இந்தியாவின் வைஸ்ராயாகி, கடைசியில் அச்சங்கத்தின் தலைவராக அமர்ந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. இதைக் கையேடு அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறது. உடையைப் பற்றிய பேச்சைக் குறைத்து உறுப்பினர் உரிமையைப் பற்றிய பேச்சைக் கூட்டினால் அமர்வு நிமிர்ந்து நிற்கும்.

இந்தியப் பெண்களுக்குக் கிடைத்தது கடைசிப் பதினைந்து நிமிடம். சென்னையிலிருந்து இங்கிலாந்து சென்று தெலுங்கில் எழுதி, 1876-இல் ஆங்கிலத்திலும் நூல் வெளிவரக் கண்ட போத்தம் ஜானகம்மாள் ராகவய்யா, 1885-இல் இங்கிலாந்து வாழ்வை வங்காளத்தில் எழுதிய கிருஷ்ணபாமினி தாஸ், அமெரிக்க வாழ்வை 1889-இல் மராட்டியில் எழுதிய பண்டித ரமாபாய், 1912-இல் டாக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போய் 1915-இல் நூல் வெளியிட்ட ஹரிபிரபா தாகேதா ஆகிய நால்வரும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்பட்டார்கள். ஹரிபிரபாவின் பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்த பங்களாதேஷ்ப் பெண்மணி ஒருவர் எழுந்து வந்து கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். அவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால்கூட அமர்வு வேறு திசையில் போயிருக்கும். நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

தமிழ் வேர்களைத் தொடாததும் எனக்கு வியப்பாக இருந்தது. "முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை" என்று கடற்பயணத்தில் பெண்ணை விலக்கிய தொல்காப்பிய மரபும், பரிசில் பெற வழிகாட்டி விறலியை அனுப்பும் விறலியாற்றுப்படைத் துறையில் அமைந்த புறநானூற்றுப் பாடல்களும் ஒரே மொழியில் இருக்கின்றன. ஒன்று கடலைத் தடுக்கிறது. மற்றது நாட்டு வழியில் போகச் சொல்கிறது. அந்த விறலி கலையைத் தொழிலாகக் கொண்டவள், வறியவள், நடந்தே போகிறவள். ஆசிரியையின் முதல் பக்கக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. வரலாற்று ஆசிரியைக்கு இலக்கியம் வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் வந்திருந்தவர்களில் தமிழாசிரியைகள் சிலர் இருந்தார்கள்.

சிற்றுண்டி இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும். நடந்து வந்த பசிக்கு நிறைவாக இருந்தது, காப்பி மட்டும் ஆறிப்போயிருந்தது. கையேட்டின் எழுத்து மிகச் சிறியது, நகலில் படங்கள் கறுத்துவிட்டன. முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே. தனியாக வரும் பெண்களிடம் அவர்கள் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, முடிந்ததும் ஆட்டோ கிடைக்கும்வரை கூட நிற்கிறார்கள். கோடையில் போவதானால் ஏழு மணிக்குத் தொடங்கும் குழுவைக் கேட்டு வாங்குவது நல்லது. வேலூர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் கோட்டைச் சுவரோரம் நிற்க முடியாது. நோயாளியை விட்டு வருகிறவர்கள் முற்பாதிக்கு மட்டும் வந்து பாதிக் கட்டணம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் உண்டு; கேட்டால்தான் சொல்கிறார்கள், ஆகவே கேளுங்கள்.